சபாஷ் என்றால் இடம் கொடுப்பது
செம்பையும் அவருடைய மேடைத் துணைவர்களும்

சபாஷ், பேஷ், பலே: கச்சேரியில் நாம் அடிக்கடி கேட்கிற இந்த மூன்று சொற்களில் ஒன்றுகூடத் தமிழ்ச் சொல் கிடையாது. ‘சபாஷ்’ பாரசீகத்திலிருந்து வந்தது. ‘மகிழ்ச்சியாக இரு’ என்பது அதன் பழைய பொருள். ‘பேஷ்’ என்பதும் அந்த வழியில் வந்ததுதான். ‘பலே’ தெலுங்கு, கன்னடம், மராத்தி என்று எல்லார் வீட்டிலும் புழங்குகிற சொல். எங்கிருந்தோ வந்து, நம் சபாக்களில் குடியேறி, இன்று இவை இல்லாமல் ஒரு கச்சேரியும் நடக்காது என்ற நிலைக்கு வந்துவிட்டன. பிழைக்க வந்த ஊரில் வேர் பிடித்த நம்மைப் போலத்தான் இந்தச் சொற்களும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரசிகர் சொல்லும் சபாஷ் வேறு, மேடையில் இருக்கிற ஒரு வித்வான் இன்னொரு வித்வானுக்குச் சொல்லும் சபாஷ் வேறு. முன்னது அன்றைய மாலையின் மகிழ்ச்சி. பின்னது சில சமயம் ஒருவருடைய வாழ்க்கையையே மாற்றிவிடும். இருபதாம் நூற்றாண்டுக் கர்நாடக இசையில் மிருதங்கம் என்ற வாத்தியத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது. அந்த வரலாற்றின் முக்கியமான திருப்பங்களில் ஒருவருடைய குரல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அவர் மிருதங்கக்காரர் அல்ல, பாடகர்: செம்பை வைத்தியநாத பாகவதர். சக கலைஞரைப் பாராட்டுவது என்றால் என்ன என்பதற்கு அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அதை எழுதி வைக்கவில்லை, செய்து காட்டினார். அந்த விளக்கத்தின் வழியே அவரையும் அவருடைய துணைவர்களையும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘பக்கம்’ என்ற சொல்

முதலில் ‘பக்கவாத்தியம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பாடுபவர் நடுவில், வயலினும் மிருதங்கமும் பக்கத்தில். இந்தப் ‘பக்கம்’ முதலில் உட்காரும் இடத்தைத்தான் குறித்திருக்க வேண்டும். நாளடைவில் அது தகுதியையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. நடுவில் இருப்பவர் பெரியவர், பக்கத்தில் இருப்பவர் சின்னவர் என்று ஆகிவிட்டது.

நம்முடைய பழைய நூல்கள் இப்படிப் பார்க்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் அரங்கேற்றம் வருகிறது. அங்கே இளங்கோவடிகள் ஆடலாசிரியனின் தகுதி என்ன என்று தனியே சொல்கிறார். இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் அதேபோலத் தனித்தனியே சொல்கிறார். தண்ணுமை ஆசிரியன் என்ன தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது: பிற கருவிகள் குறைவுபட்டால் நிரப்பவும், மிகுந்தால் அடக்கவும் தெரிந்தவனாக இருக்க வேண்டும். ஒருவர் இன்னொருவரைக் கேட்டு வாசிக்க வேண்டும் என்பது அங்கே ஒரு இலக்கணமாகவே வந்துவிடுகிறது. தாளக் கருவிக்காரனை ஆசிரியன் என்று அழைத்த மொழி நம்முடையது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கச்சேரி மேடையின் நிலைமை வேறாக இருந்தது. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) போன்றவர்கள் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று ஒரு படையையே கூட வைத்துக்கொண்டு பாடினார்கள். ரசிகர்கள் அதை ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்பார்கள். தாள வாத்தியக்காரர்களுக்கு மதிப்பு இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் மல்யுத்த மைதானத்தில் கிடைக்கிற மதிப்பு. கணக்கில் பாடகரை மடக்க முடியுமா, மடக்கினால் பாடகர் சமாளிப்பாரா என்பதில்தான் சுவாரசியம். நண்பனைப் போலக் கூட வரும் வாத்தியம் என்ற எண்ணம் இனிமேல்தான் வேரூன்ற வேண்டியிருந்தது.

கோட்டாயியிலிருந்து ஒரு குரல்

பாலக்காட்டை அடுத்த கோட்டாயிக்குப் பக்கத்தில், பாரதப்புழைக் கரையோரம், செம்பை என்ற சிறு கிராமத்தில் 1896இல் வைத்தியநாத பாகவதர் பிறந்தார். தந்தை அனந்த பாகவதரே குரு. தம்பி சுப்பிரமணியத்தோடு சேர்ந்து 1904இல் ஒற்றப்பாலத்தில் அரங்கேற்றம் நடந்தது. அப்போது அவருக்கு வயது எட்டு. 1974 அக்டோபர் 16ஆம் தேதி, அதே ஒற்றப்பாலத்தில் ஒரு கிருஷ்ணன் கோயிலில் கச்சேரி செய்து முடித்த அன்றே அவர் காலமானார். நடுவில் எழுபது ஆண்டு மேடை வாழ்க்கை. 1951இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி, 1973இல் பத்மபூஷண் என்று கௌரவங்கள் வந்தன. பாலக்காட்டு அரசு இசைக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பாலக்காட்டுத் தமிழர்களைப் பற்றி வெளிமாநிலத் தமிழர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து மலை தாண்டிப் போய், கல்பாத்தி, சாத்தபுரம் என்று அக்கிரகாரங்கள் அமைத்துக் குடியேறியவர்கள் அவர்கள். அவர்களில் ரொம்பப் பேர் அங்கிருந்து மறுபடியும் கிளம்பி மும்பை மாட்டுங்காவுக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தார்கள். நம் சங்கங்களையும் சபாக்களையும் கட்டியவர்களில் அவர்கள் பங்கு கணிசமானது. செம்பை அந்த மண்ணின் குரல்.

ஒலிபெருக்கி பரவாத காலத்திலேயே பெரிய கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற வெண்கலக் குரல் அவருக்கு. அவரோடு நெடுங்காலம் வயலின் வாசித்த மைசூர் டி. சௌடையா (1895–1967) ஏழு தந்தி வயலினைக் கையாண்டதற்குக் காரணமே இப்படிப்பட்ட குரல்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதுதான். பெங்களூரில் வயலின் வடிவத்திலேயே கட்டப்பட்டு 1980இல் திறக்கப்பட்ட சௌடையா நினைவு மண்டபத்தை நம்மில் பலர் பார்த்திருப்பார்கள். ஒரு ‘பக்கவாத்திய’க்காரர் பெயரில் அவ்வளவு பெரிய மண்டபம் நம் நாட்டில் அபூர்வம்.

செம்பையின் குரலைப் பற்றிப் பேசாத இசை விமரிசகர் இல்லை. அவருடைய காதைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறோம். மற்றவர் வாசிப்பைக் கேட்டு, இவன் நாளை யாராக வருவான் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிற காது அது.

ஒரு சிறுவன்

திருவில்வாமலைக்கு அருகே பழயன்னூரில் 1912இல் பிறந்த மணி, சேஷம் பாகவதரின் மகன். சாத்தபுரம் சுப்பையரிடமும் பாலக்காடு விசுவநாதையரிடமும் மிருதங்கம் பயின்று, பத்து வயதை ஒட்டியே கச்சேரிக்கும் ஹரிகதைக்கும் வாசிக்கத் தொடங்கிவிட்டார். செம்பையின் காதில் அந்த வாசிப்பு விழுந்தது. விழுந்ததும் “பையன் நன்னா வாசிக்கிறான்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பெரியவர்கள் வழக்கமாகச் செய்வது அதுதானே?

செம்பை அதோடு நிற்கவில்லை. 1920களில் சென்னை எழும்பூர் ஜகந்நாத பக்த சபாவில் தம் கச்சேரிக்கு அந்தச் சிறுவனையே மிருதங்கம் வாசிக்க உட்கார வைத்தார். இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை நாம் இன்று எளிதில் உணர முடியாது. சென்னை ரசிகர்களுக்கு முன்னால் மிருதங்கக்காரர் சொதப்பினால் கெடுவது பாடகரின் கச்சேரி. அந்த அபாயத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டு பாராட்டினார் செம்பை. அன்றிலிருந்து பாலக்காடு மணி ஐயர் என்ற பெயர் தென்னாடு முழுக்கப் பரவியது. செம்பை, சௌடையா, மணி ஐயர் என்ற மூவர் அணி பல ஆண்டுகள் சபாக்களை நிரப்பியது.

அந்தக் காலத்து மூத்தவர்களும் சிறுவனைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. மான்பூண்டியா பிள்ளையின் சீடரும், கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் பெரிய மேதையுமான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) இந்த இளைஞனோடு ஒரே மேடையில் வாசித்து உற்சாகப்படுத்தினார். இருவருக்கும் ஏறக்குறைய 37 வயது வித்தியாசம். மணியும் தமக்குக் கிடைத்த புகழை வைத்துக்கொண்டு ஓய்ந்துவிடவில்லை. மேடையில் பெயர் வாங்கிய பிறகும் தஞ்சாவூர் வைத்தியநாதையரிடம் போய் மாணவராக உட்கார்ந்தார். பாராட்டைத் தாங்கத் தெரிந்தவருக்குத்தான் பாராட்டு பலிக்கும்.

இடது கை

செம்பையின் அடுத்த பெரிய செயலைப் புரிந்துகொள்ள மேடையின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிருதங்கத்துக்கு இரண்டு முகம். சோறு இட்ட வலந்தலையில் நாதம் கணீரென்று வரும். தொப்பியில் கும்கி முதலான ஆழ்ந்த ஒலிகள் வரும். பாடகருக்கு வலப்புறம் மிருதங்கக்காரர் உட்கார்ந்தால், அவருடைய வலக்கை சபையை நோக்கி இருக்கும், வலந்தலையின் நாதம் ரசிகர்களைப் போய்ச் சேரும். பாடகருக்கு இடப்புறம் வயலின். இது நெடுநாள் ஏற்பாடு. மிருதங்கக்காரர் இடது கைக்காரராக இருந்துவிட்டால் என்ன ஆகும்? அவருடைய வலந்தலை இடக்கைப் பக்கம் வந்துவிடும். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தால் நாதம் மேடையின் பின்சுவரைப் பார்த்துப் போகும். ஆகவே அவர் பாடகருக்கு இடப்புறம் உட்கார வேண்டும், வயலின்காரர் தம் இடத்தை விட்டு மறுபுறம் மாற வேண்டும்.

இடம் மாறுவதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். மேடையில் உட்காரும் இடம் என்பது மரியாதை, பழக்கம், வசதி எல்லாம் சேர்ந்தது. ‘எனக்காக அவர் மாறட்டும், அவருக்காக நான் ஏன் மாற வேண்டும்?’ என்ற கேள்வி வந்துவிடும். மாற மறுத்த வயலின்காரர்கள் உண்டு. வம்பு எதற்கு என்று இடது கைக்காரரையே கூப்பிடாமல் விட்ட பாடகர்களும் சபாக்களும் உண்டு. திறமைக் குறைவு எதுவும் இல்லை. கை மட்டும் மாறியிருந்தது.

பழனி முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) அப்படிப்பட்ட இடது கைக்காரர். தந்தை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். ஆகவே புதுக்கோட்டை வழியின் கணக்கு வழக்கு சுப்பிரமணிய பிள்ளைக்குக் குடும்பச் சொத்து. அதோடு, தொட்டால் பேசும் சுகநாதமும் அவர் கையில் இருந்தது. இருந்தும் இளமையில் அவருக்கு மேடைகள் எளிதில் கிடைக்கவில்லை.

அங்கேயும் செம்பை வந்து நின்றார். பழனியைத் தம் கச்சேரிகளுக்கு அழைத்தார். இடம் மாறுகிற பிரச்சினை எழுந்தபோது பழனியின் பக்கம் நின்றார். தலைமைக் கலைஞரே “இவர் வாசிப்பார், அதற்குத் தக்கபடி மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்” என்ற நிலையை எடுத்துவிட்டால் மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? வழி திறந்தது. பிறகு ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று அந்தத் தலைமுறையின் பெரிய பாடகர்கள் பழனியை விரும்பி அழைத்தார்கள்.

இங்கே செம்பையின் நிலையை நன்றாகக் கவனிக்க வேண்டும். அவருக்கு மிருதங்கத்துக்குப் பஞ்சமில்லை. அவரே கண்டெடுத்து வளர்த்த மணி ஐயர் நாட்டின் உச்சியில் இருந்தார். தாம் வளர்த்தவருக்குச் சமமான இன்னொருவரை மேடை ஏற்ற அவருக்கு அவசியமே இல்லை. அவசியம் இல்லாதபோது செய்ததால்தான் அதற்கு மதிப்பு. என் ஆள், உன் ஆள் என்று பார்க்காமல் நாதத்தை மட்டும் பார்த்தார்.

இரு துருவம், ஒரே மேடை

மணி ஐயர், பழனி என்று இரண்டு பெயர்கள் வந்துவிட்டால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு கட்சி கிளம்பிவிட்டது. தஞ்சாவூர்ப் பாணி உசத்தியா, புதுக்கோட்டைப் பாணி உசத்தியா என்று திண்ணைகளில் விவாதம் நடந்தது. வேகமும் கற்பனையும் மின்னலுமாக ஒருவர். நிதானமும் தெளிவும் கணக்கின் கட்டுக்கோப்புமாக இன்னொருவர். இப்போதும் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுவிட்டு இந்தச் சண்டையைத் தொடர்கிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

அந்த இருவரும் என்ன செய்தார்கள்? மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, பழனி கஞ்சிராவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வரிசை மிருதங்க வித்வான் ஒருவர், தமக்குப் போட்டியாகச் சொல்லப்படுபவரோடு உபபக்கவாத்தியம் வாசிக்கச் சம்மதிப்பது சின்ன விஷயம் இல்லை. அன்றைய தனி ஆவர்த்தனங்களில் ஒருவர் வைத்த சொல்லை இன்னொருவர் எடுத்துப் பேசுவதைக் கேட்டால், போட்டி என்பது மரியாதையின் இன்னொரு பெயர் என்று தோன்றும். எதிராளி என்ன வாசித்தார் என்பதை முழுக்கக் கேட்டால் ஒழிய அதற்கு மேலே ஒன்று வாசிக்க முடியாது. அப்படி முழுக்கக் கேட்பதைவிடப் பெரிய பாராட்டு ஒரு வித்வானுக்குக் கிடையாது.

மணி ஐயரின் முறை

செம்பை வாய் திறந்து பாராட்டுகிறவர். மணி ஐயர் அதிகம் பேசாதவர். அவருடைய பாராட்டு அவர் வாசிப்பிலும் முடிவுகளிலும் இருந்தது.

பாடகர் பாடும் கீர்த்தனையின் நடையையும் சொல் விழும் இடங்களையும் தெரிந்துகொண்டு, பாட்டோடு பாட்டாக மிருதங்கத்தைச் செலுத்திய பெருமை அவருக்கு உண்டு. தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்த வாத்தியத்தைப் பாட வைத்தார் என்று சொல்வது மிகையில்லை. அதற்கு அவர் கீர்த்தனைகளைப் பாடகர் அளவுக்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி நாதத்தைக் கெடுக்கிறது என்று கருதி, ஒரு கட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்றே நின்றார்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடம் (1890–1967) அவருக்கு இருந்த மதிப்பு பிரசித்தம். இன்று நாம் கேட்கிற கச்சேரியின் அமைப்புக்கு, அதாவது வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகக் கீர்த்தனைகள் பாடி, கடைசியில் துக்கடாக்களில் முடிக்கிற வரிசைக்கு, உருக்கொடுத்தவர் அரியக்குடி. அந்த மதிப்பை மணி ஐயர் எப்படிக் காட்டினார்? தம் பாதுகாப்பில் இசை பயின்ற பாலக்காடு கே.வி. நாராயணசுவாமியை (1923–2002) அரியக்குடியிடமே மாணவராகச் சேர்த்துவிட்டார். நல்ல சீடனை இன்னொருவரிடம் ஒப்படைப்பதைவிடப் பெரிய நற்சான்று ஒரு வித்வானால் இன்னொரு வித்வானுக்குக் கொடுக்க முடியுமா? அந்த ஒப்படைப்பிலிருந்து அரியக்குடி வழியின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று நமக்குக் கிடைத்தது. 1965இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவில் கே.வி.என். பாட, லால்குடி ஜெயராமன் வயலினும் மணி ஐயர் மிருதங்கமும் வாசித்தார்கள். அந்தப் பயணத்தில்தான் யெஹூதி மெனுஹின் லால்குடியின் வாசிப்பில் மனம் பறிகொடுத்துத் தம்முடைய இத்தாலிய வயலினையே பரிசாகக் கொடுத்தார். கடல் கடந்த சபாஷ் அது!

இன்னொரு மாற்றமும் வரலாற்றில் பதிவாக வேண்டியது. அந்தத் தலைமுறையின் முன்னணி மிருதங்க வித்வான்கள் பலர் பெண் பாடகர்களுக்கு வாசிப்பதில்லை. மணி ஐயரும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தார். பிறகு அவர் அந்த வரம்பைத் தாண்டி முதன்முதலில் வாசித்தது டி.கே. பட்டம்மாளுக்கு. பல்லவி பாடுவதில் ஆண் வித்வான்களுக்கு நிகராக நின்றவர் பட்டம்மாள். பின்னால் இரு குடும்பங்களும் சம்பந்திகளானார்கள். நித்யஸ்ரீ மகாதேவன் இருவருக்கும் பேத்தி. மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் பட்டம்மாளின் சங்கீதத்தில் அந்த மாற்றத்துக்கு முன்னால் ஒரு குறையும் இல்லை. பாராட்ட வேண்டியவர்கள் தாமதித்தார்கள், அவ்வளவுதான். பாராட்டின் வரலாற்றை எழுதும்போது அது தாமதமாக வந்த இடங்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மேடைக்குக் கீழே ஒருவர்

அப்படித் தாமதமாக வந்ததில் மிகவும் தாமதமானது இதுதான். மணி ஐயர் கையில் பேசிய அந்த மிருதங்கத்தைச் செய்தது யார்?

தஞ்சாவூரில் செபாஸ்டியன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்பவர்கள். தலித் கிறிஸ்தவர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து, மணி ஐயருக்குப் பல்லாண்டுகள் மிருதங்கம் செய்து கொடுத்தவர். பலா மரத்தைக் குடைந்த கட்டை, மாடு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல், வலந்தலையில் கல் பொடியும் சோறும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற கரிய வட்டம், இரண்டு மூட்டுகளையும் இழுத்துக் கட்டுகிற வார்: இத்தனையும் ஒத்துவந்தால்தான் சுருதி நிற்கும். எந்தத் தோல் எந்த நாதம் தரும், சோற்றின் கனம் எவ்வளவு இருக்க வேண்டும், வார் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அன்று அளவு கருவி கிடையாது. செய்பவரின் விரலும் காதும்தான் கருவி. மணி ஐயர் தமக்கு வேண்டிய நாதத்தைச் சொல்வார். பர்லாந்து அதைத் தோலில் தேடுவார். இருவரும் சேர்ந்து செய்த சோதனைகளின் பலன்தான் நாம் ஒலிப்பதிவில் கேட்பது. கேட்கத் தெரிந்த காது இல்லாதவர் மிருதங்கம் செய்ய முடியாது. அப்படியானால் அவரும் இசைக்கலைஞர்தானே?

மணி ஐயருக்குப் பர்லாந்துவின் அருமை தெரிந்திருந்தது, அவர் கையை நம்பியிருந்தார். ஆனால் அந்த மதிப்பு பட்டறையோடு நின்றுவிட்டது. அழைப்பிதழிலோ மேடை அறிவிப்பிலோ அது ஏறவில்லை. அதற்கு ஒரு மனிதரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தோல் வாத்தியத்தைத் தெய்வமாக வணங்கிவிட்டு, தோலைத் தொடுபவரைத் தள்ளி நிறுத்திய சமூகம் முழுவதும் அதற்குப் பொறுப்பு. டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதி, இந்தக் குடும்பங்களின் வரலாற்றைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். மணி ஐயர் மறைந்தது 1981 மே 30. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் நம்மில் பலருக்குப் பர்லாந்து என்ற பெயரே தெரிய வந்தது.

பட்டமும் ஆண்டும்

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வரலாறு தானே பேசும். மியூசிக் அகாதெமி வயலின் வித்வான்களுக்கு 1940களிலேயே சங்கீத கலாநிதி கொடுத்திருக்கிறது. துவாரம் வெங்கடசாமி நாயுடு 1941இலும், கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை 1948இலும் பெற்றார்கள். மிருதங்கத்துக்கு அந்தக் கதவு திறந்தது 1966இல். அதைப் பெற்ற முதல் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர். செம்பை தாம் கைபிடித்து உட்கார வைத்த சிறுவன் தமக்குச் சமமான பட்டத்தைப் பெற்றதைப் பார்க்க உயிரோடு இருந்தார்.

பழனி இல்லை. அவர் 1962இலேயே, ஐம்பதுகளின் நடுவயதில் போய்விட்டார். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே மிருதங்கத்தைப் பாடமாக வைத்து, பல நாட்டு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2011இல் சங்கரனுக்குச் சங்கீத கலாநிதி கிடைத்தபோது, குருவுக்குச் சேர வேண்டிய பாக்கியில் ஒரு பங்கு தீர்ந்தது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. மணி ஐயரின் சீடர் பாலக்காடு ரகுவுக்கு 2007இல் கிடைத்தது. அவர் 1928இல் ரங்கூனில் பிறந்தவர். வெளிமண்ணில் பிறந்தால் இசை ஒட்டாது என்று யாராவது நம் பிள்ளைகளிடம் சொன்னால் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

செம்பையின் கடைசிக் காலத்துச் சீடர்களில் கே.ஜே. யேசுதாஸ் முக்கியமானவர். 1940இல் கொச்சிக் கோட்டையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திரைப்பாடல்களில் பெயர் பெற்ற பின் செம்பையிடம் வந்தார். வைதிக அந்தணக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், குருவாயூரப்பனைத் தவிர வேறு தெய்வம் அறியாதவர், அந்த இளைஞரைச் சீடராக ஏற்றுக்கொண்டார். சிறுவன், இடது கைக்காரர், வேற்று மதத்தவர் என்று மூன்று வேளையிலும் செம்பை பார்த்தது ஒன்றைத்தான்: சுருதி சேருகிறதா? யேசுதாஸ் குருவின் கிராமத்தில் நடக்கும் இசை விழாவுக்கு ஆண்டுதோறும் போய்ப் பாடுவதை ஒரு கடமையாகவே வைத்துக்கொண்டார்.

நாம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கிற நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

1952இல் அகில இந்திய வானொலி தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, வடக்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் சனிக்கிழமை இரவு வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தன. வானொலி ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருந்தது: பாடகர் பெயரோடு வயலின் யார், மிருதங்கம் யார் என்று ஒவ்வொரு பெயரையும் அறிவிப்பார்கள். பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் பலவற்றில் பாடகர் பெயர் மட்டும்தான் இருக்கும். மிருதங்கக்காரர் யார் என்று காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெயரை அறிவிப்பது சின்ன மரியாதைதான். அது கூட இல்லாததால் எத்தனையோ நல்ல வித்வான்கள் தடமில்லாமல் போய்விட்டார்கள்.

நம் சங்க விழாக்களை நினைத்துப் பாருங்கள். அழைப்பிதழில் பாடகர் பெயர் பெரிய எழுத்தில், படத்தோடு. பக்கவாத்தியக்காரர்கள் பெயர் கீழே பொடி எழுத்தில், சில சமயம் ‘மற்றும் குழுவினர்’ என்பதற்குள். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும், “தனி வந்தாச்சு, காபி சாப்பிட்டுட்டு வந்துடலாம் வாங்கோ” என்று பாதி அரங்கம் எழுந்துவிடும். நூறு பேர் எழுந்து போகும்போது வாசிக்கிறவர் மனசு என்ன பாடுபடும்? அவர் நமக்காக ரயிலில் இரண்டு ராத்திரி பயணம் செய்து வந்தவராக இருக்கலாம். முழுக் கச்சேரியிலும் அவருக்கென்று இருப்பது அந்தப் பதினைந்து நிமிஷம்தான்.

செம்பையின் வழியில் நாம் செய்யக்கூடியவை எளியவை. அழைப்பிதழில் எல்லாப் பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் போடலாம். தனி முடிகிற வரை உட்கார்ந்திருக்கலாம், பிள்ளைகளையும் உட்கார வைத்துத் தாளம் போடச் சொல்லிக் கொடுக்கலாம். நம் ஊரிலேயே மிருதங்கமோ வயலினோ கற்றுக்கொள்கிற பையனோ பெண்ணோ இருந்தால், “நன்னா வாசிக்கிறே” என்று முதுகில் தட்டுவதோடு விடாமல், வரும் வித்வானிடம் பேசி ஒரு பாட்டுக்காவது மேடையில் இடம் வாங்கிக் கொடுக்கலாம். வாத்தியத்தைச் செப்பனிட, மூட்டு மாற்ற, வார் பிடிக்க வருகிறவர் பெயரையும் மலரில் ஒரு வரி போடலாம்.

பாராட்டு என்பது வாயால் சொல்லி முடிகிற காரியம் இல்லை என்று செம்பை வாழ்ந்து காட்டினார். சிறுவனுக்கு மேடையில் இடம் கொடுத்தார். இடது கைக்காரருக்காக மற்றவர்களை இடம் மாறச் சொன்னார். வேற்று மதத்துச் சீடருக்குத் தம் பக்கத்தில் இடம் கொடுத்தார். அப்படி இடம் கிடைத்தவர்கள் திருப்பிக் கொடுத்ததுதான் இன்று நாம் அனுபவிக்கிற சங்கீதம். அடுத்த முறை நம் மேடையில் தனி ஆவர்த்தனம் முடிந்து கோர்வை சமத்தில் வந்து விழும்போது, மனம் நிறைந்து ஒரு சபாஷ் சொல்வோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தால் என்ன, சேர வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்தால் சரி.